ஸுஹைல் பிடித்த நோன்புகள்

மாத்தளை டவுனில் றமீஸா மாமியின் வீட்டு மேல்மாடிக்கு நாங்கள் மூன்று பேரும் குடிவந்தது ஒரு வியாழக்கிழமை. நான் பல்லேபொலப் பக்கம். பஸ்லி தம்புள்ளை. மூன்றாவது ஆள் கலேவெலவுக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து வந்த ஸுஹைல். பல்கலைக்கழக விடுதியில் முதலாம் ஆண்டுக்கு மட்டும்தான் இடம் தருவார்கள். இரண்டாம் ஆண்டில் வெளியே போடிங் தேடிக்கொள்ள வேண்டும். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பலாம் என்று மாத்தளையைப் பிடித்தோம்.

என் வாப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் வளாகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இன்று எங்கள் வீட்டு முன்னறையில், கடிகாரத்துக்கு மேலே, நான் பட்டமளிப்பு அங்கியோடு நிற்கும் படம் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர் அதைப் பார்க்காமல் போனால் உம்மாவே காட்டிவிடுவார். ஆனால் முதல் ஆளாகப் போகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டில் யாரும் இல்லை. பரீட்சை எழுதத் தெரிந்தது. கூட இருக்கிறவன் நோயாளி என்பதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

முதல் நாள் பகல் மாமி எங்களுக்கு விருந்து வைத்தார். ஸஹனில் வைத்தார். ஸஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோறு, அதன் மேலேயே கறிகள், சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். எங்கள் கல்யாண வீடுகளில் ஆறு பேருக்கு ஒரு ஸஹன். அன்று மூன்று பேருக்கு ஒன்று. கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், அன்னாசிச் சம்பல்.

ஸுஹைல் பாயில் உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான். பருப்பு மெதுவாக வழிந்து கோழிக்கறியோடு சேர்ந்துகொண்டிருந்தது. அவன் எழுந்துவிட்டான்.

"மாமி, குற நினைக்க வாணாம். நான் இன்டைக்கு நோன்பு."

மாமியின் முகம் மலர்ந்தது. திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பது நபிவழி. கட்டாயமில்லை, விரும்பினவர் பிடிப்பது. எங்கள் வயதில் அதைப் பிடிக்கிறவன் அபூர்வம்.

"மாஷா அல்லாஹ்! பாருங்க, நீங்களும் ஈக்கிறீங்களே," என்று எங்கள் இருவரையும் பார்த்தார் மாமி.

பஸ்லி கோழிக்காலை எடுத்துக்கொண்டே சொன்னான்: "நாங்களும் நோன்புதான் மாமி. வருஷத்துல ஒரு மாசம்."

அன்றிலிருந்து ஸுஹைலுக்கு 'ஹஸரத்' என்று பெயர். மார்க்கம் படித்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். பஸ்லி பகிடிக்கு வைத்த பெயரை மாமி நிஜமாகவே எடுத்துக்கொண்டார். அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு அவனையே முன்னால் நிற்க வைத்தோம். திங்கள், வியாழன் மாலைகளில் மாமி நோன்புக் கஞ்சியும் இரண்டு சமோசாவும் மேலே அனுப்புவார். கூடவே ஒரு வேண்டுகோளும் வரும். அவருடைய மகள் ஷஸ்னா அந்த வருஷம் பல்கலைக்கழக நுழைவுக்கான ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாமியின் கணவர் கட்டாரில். மகளின் படிப்புதான் மாமிக்கு எல்லாம்.

"நோன்பு தொறக்கிற நேரம் கேக்கிற துஆ வீண்போறல்ல மகன். ஷஸ்னாக்குக் கேளுங்க."

"கேக்கிறேன் மாமி."

கஞ்சியை ஸுஹைல் என் பக்கம் தள்ளிவிடுவான். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பான். எனக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. சமோசாக்கள் பஸ்லிக்குப் போயின.

மற்ற நாட்களில் வெளியே சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லி அவன் எங்களுக்கு முந்திய ரயிலில் போய்விடுவான். விஞ்ஞான பீடம், நேரம் வேறு என்பதால் யாரும் யோசிக்கவில்லை. பிறை பதின்மூன்று, பதினான்கு, பதினைந்திலும் நோன்பு என்றான். அதுவும் மார்க்கத்தில் இருக்கிறது. ஆறு மாதம் இப்படியே போனது.

ஒரு வியாழக்கிழமை எனக்கு முதல் விரிவுரை இல்லை. பத்து மணி போல ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்போமின் கடைசி வாங்கில் ஸுஹைல் உட்கார்ந்திருந்தான். மடியில் கிறீம் கிறேக்கர் பெட்டி. கிறேக்கரை ஒவ்வொன்றாக எடுத்து, நான்காக உடைத்து, விளிம்பில் கறுத்த துண்டை ஒதுக்கி, மற்றதைத் தின்றுகொண்டிருந்தான்.

"எனத்த இது?"

வாயில் இருந்ததை விழுங்கினான். "பிஸ்கட்."

"நோன்பு?"

ஒதுக்கிவைத்த கறுத்த துண்டுகளை விரலால் கூட்டினான்.

"ஸுஹைல், மாமி ஒன்ட நோன்ப நம்பி மகளுக்கு துஆக் கேக்கச் சொல்றா. நீ இங்க வந்து கிறேக்கர் திங்கிற. அல்லாட நோன்ப வச்சா வெளையாடுற?"

"வெளையாடல்ல மச்சான்."

"அப்ப எனத்த?"

"எனக்கு அந்தச் சாப்பாடு ஏலா."

"பிடிக்காட்டி பிடிக்கல்லன்டு சொல்லு. அதுக்குப் பொய் நோன்பா? முனாபிக் வேல."

உள்ளொன்று வைத்துப் புறமொன்று நடப்பவனை அந்தச் சொல்லால் சொல்வோம். ஒரு முஸ்லிமைப் பார்த்து அதைவிடப் பெரிய வசை கிடையாது. அவன் பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தான். நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை என்றேன். அப்படியே சொல்லவும் இல்லை. அவனுக்கு நான் செய்த பெரிய உபகாரம் அது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஸுஹைல் மாறினான். இப்போது திங்கள், வியாழன் மட்டுமில்லை. செவ்வாயும் நோன்பு, புதனும் நோன்பு என்றான். நான் நம்பவில்லை. ஆனால் அவனுடைய கிறேக்கர் பெட்டி அலுமாரியில் நாட்கணக்கில் பிரிக்காமலே கிடந்தது. காலை ரயிலைத் தவறவிட ஆரம்பித்தான். பிறகு ரயிலுக்கே புறப்படுவதில்லை. யன்னல் சீலையை இழுத்துவிட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். போனுக்கு சார்ஜ் போடுவதில்லை. அவனுடைய உம்மா என் போனுக்கு எடுத்தார்.

"ரிஸ்வி மகன், ஸுஹைல் எப்பிடி ஈக்கிறார்?"

"நல்லம் உம்மா. நோன்பு பிடிக்கிறார்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவருக்கு ஸஹருக்கு எனத்த குடுக்கிறாங்க, அங்க?"

நோன்புக்கு முன் விடியற்காலையில் சாப்பிடுவது ஸஹர். அந்த உம்மாவுக்கு விஷயம் தெரியும். ஒரு கேள்விக்குள் எல்லாவற்றையும் வைத்துத்தான் கேட்டார். மாமி ஏதாவது கொடுப்பார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பஸ்லிக்கு எல்லாம் பகிடி. "ஹஸரத், இன்னம் கொஞ்சம் மெலிஞ்சா ஒங்கள தொழுற பாயோட சேத்துச் சுருட்டி வைக்கேலும்." ஸுஹைல் சிரித்தான். பெல்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு இருந்ததை நானும் பார்த்தேன். படிப்பு அழுத்தம் என்று நினைத்தேன். வளாகத்தில் மாணவர் ஆலோசகர் என்று ஒருவர் இருப்பதும், அவருடைய கதவுக்கு வெளியே வாங்கு போட்டிருப்பதும் எங்களுக்குத் தெரியும். அது காதல் தோல்வி கண்டவர்கள் போகிற இடம் என்பது எங்கள் நினைப்பு.

நாங்கள் மூன்றாம் ஆண்டுக்கு வந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை. அன்று அவனுக்குச் செய்முறைப் பரீட்சை என்பதால் எங்களோடு வந்தான். ரயில் பிளாட்போமில் நின்றுகொண்டிருந்தது. ஏறுவதற்குக் கைப்பிடியைப் பிடித்தவன், அதை விட்டுவிட்டு அப்படியே மடங்கி விழுந்தான். நானும் பஸ்லியும் தூக்கியபோது, பாரமே இல்லாததுதான் எங்களைப் பயமுறுத்தியது. திரீவீலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சேலைன் ஏற்ற வந்த தாதியின் கையை அவன் தடுத்தான்.

"மிஸ், இது போட்டா நோன்பு முறியுமா?"

அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் திரும்பினார். வாகினி என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். வேலை செய்கிறவரின் வேகமான பேச்சு. முதலில் எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். ஸுஹைல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டதால் என்னை மட்டும் நிற்க விட்டார்.

"தம்பி, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறனீங்கள்? எனக்கு ஒண்டும் ஒளிக்க வேண்டாம்."

அவன் சொன்னான். வெள்ளைச் சோறு, ஒன்றும் ஊற்றாமல். இரண்டு பக்கமும் முறுகப் பொரித்த முட்டை. பொரித்த உருளைக்கிழங்கு. அச்சுப் பாண், ஓரம் வெட்டி. கிறீம் கிறேக்கர். கோழிக்கூட்டு வாழைப்பழம், புள்ளி விழ முன்னம். பிளேன்டீ. ஏழு சாமான். அதற்கு வெளியே எதுவும் இல்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

"மற்றதெல்லாம் பிடிக்கேல்லையோ, இல்லாட்டி சாப்பிட ஏலாமல் கிடக்கோ?"

ஸுஹைல் அவரையே பார்த்தான். இந்த இரண்டையும் பிரித்து அவனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஏலா டொக்டர். ஈரமானது பட்டாத் தொண்ட மூடுற. நானா மூடுறல்ல. தானா மூடுற."

அன்றைக்குத்தான் முழுக் கதையும் வந்தது. அவனுடைய வாப்பா அப்துல் ஸமத் போஞ்சியும் கத்தரியும் போட்டுத் தம்புள்ளைச் சந்தைக்கு லொறியில் அனுப்புகிறவர். அவருடைய மகன் மரக்கறி தொடமாட்டான் என்பது சந்தையில் எல்லாருக்கும் பகிடி. வீட்டில் உம்மா தனியாகச் சமைத்துத் தனியாக வைத்துவிடுவார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதலாம் ஆண்டு விடுதியில் ஒரு சோத்துப் பார்சலை விரித்து ஆறு பேர் கை வைப்பது வழக்கம். இவன் விலகியிருப்பதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருவன் மீன்கறியில் பிசைந்த கவளத்தை விளையாட்டாக வாய்க்குள் திணித்தான். எல்லாருக்கும் நடுவில் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு இவன் வந்தால் பார்சலைத் தூக்கி மறைத்துச் சிரிப்பார்கள். அந்த நாட்களில் ஒரு திங்கட்கிழமை, வாய் தவறிப்போய், நோன்பு என்று சொன்னான். சிரிப்பு நின்றது. மரியாதை வந்தது.

"எங்கட ஆக்கள்ட்ட நோன்புன்டு சொன்னா, ஏன்டு யாரும் கேக்கிறல்ல டொக்டர்."

"அப்ப இப்ப என்னத்துக்கு நாலு நாள், அஞ்சு நாளெண்டு பட்டினி?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. சேலைன் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பொய்யாச் சொன்ன நோன்பெல்லாம் உண்மையாக்கணும். முந்திச் சொன்ன எல்லாத்தையும் ஒன்டு விடாமப் பிடிக்கிறேன். ஹஸரத்மார்ட்டக் கேக்கேலா. கேட்டா நான் யாருன்டு தெரிஞ்சு போகும்."

கட்டில் சட்டத்தை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஸ்டேஷன் வாங்கில் நான் சொன்ன அந்த ஒரு சொல்லைத்தான் அவன் மாதக்கணக்காகக் கழுவிக்கொண்டிருந்தான்.

"உங்கட சமயத்தில வருத்தக்காரருக்கு, நோயாளியளுக்கு, நோன்பு விலக்குத்தானே?" என்றார் டொக்டர்.

"நான் வருத்தக்காரனா?"

"நாப்பத்து மூண்டு கிலோ. வேற என்னெண்டு சொல்லுறது? நித்திரை வருதோ?"

"இல்ல."

"அழுகை வருதோ?"

"அதும் வாறல்ல டொக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை ஒருதரம் பார்த்தார். பிறகு மனநல கிளினிக்குக்கு ஒரு துண்டும் எழுதினார். இந்தச் சாப்பாட்டுப் பிரச்சினைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். எனக்கு நினைவில்லை. ஸுஹைலுக்கு அந்தப் பெயர் பெரிய விஷயமாக இருந்தது. பெயர் இருக்கிறதென்றால் வேறு ஆட்களுக்கும் இருக்கிறது என்றான்.

கிளினிக்குக்கு முதல் தடவை போனபோது தொப்பியைக் கண் மறைய இழுத்துவிட்டுக்கொண்டான். மூன்றாவது தடவை அங்கே காத்திருந்த ஒருவரோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான். மாத்திரை கொடுத்தார்கள். ஏழு சாமானையும் முதலில் வயிறு நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். எட்டாவதைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்தத் தவணையின் நான்கு பாடங்களைத் தள்ளிப்போட்டு, எனக்கு ஒரு வருஷம் பிந்தித்தான் அவன் பட்டம் எடுத்தான். இன்று கலேவெலவில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறான். சாப்பாட்டில் பருப்பு சேர்ந்திருக்கிறது, தனிக் கிண்ணத்தில் வைத்தால் மட்டும்.

ஆனால் கிளினிக்கைவிட அவனைப் பயமுறுத்திய ஒரு நாள் நடுவில் வந்தது.

ஷஸ்னாவுக்குப் பெறுபேறு வந்தது. முகாமைத்துவ பீடத்துக்குத் தெரிவானாள். அந்த வீட்டிலும் முதல் ஆள். மாமி படியேறி மேலே வந்து, கதவடியில் நின்று அழுதார்.

"ஹஸரத், ஒங்கட நோன்புட பறக்கத்து, அல்லாட அருள். சனிக்கிழம குடும்பத்தக் கூப்புட்டுச் சாப்பாடு குடுக்கிறேன். நீங்க நோன்பில்லாத நாளாப் பாத்துத்தான் வச்சீக்கிறேன். மொத ஸஹன்ல ஒங்களத்தான் இருத்தாட்டுற."

மாமி இறங்கிப் போனதும் ஸுஹைல் கட்டிலில் உட்கார்ந்தான். அன்று ஆஸ்பத்திரிக்குப் போனதையே நோன்பில் மயங்கிவிட்டான் என்றுதான் மாமியிடம் சொல்லியிருந்தோம். அதைக் கேட்டு அவருடைய மரியாதை இன்னும் கூடியிருந்தது.

"ஊருக்குப் போறேன்டு சொல்லிட்டுப் போ," என்றேன்.

"அப்ப இன்னொரு பொய்."

"சொன்னா மாமி வெளியே போகச் சொல்லுவா."

"சொல்லட்டும்," என்றான்.

சனிக்கிழமை காலை நானும் அவனும் சமையலறைக்குப் போனோம். மாமி பெரிய பலகையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். ஸுஹைல் நின்றபடியே சொன்னான். முந்திச் சொன்ன நோன்பெல்லாம் பொய், ஒன்றும் பிடிக்கவில்லை. சாப்பிட ஏலாததால் சொன்னது. இப்போது அதற்கு மருந்து எடுக்கிறான். அவ்வளவுதான்.

மாமியின் கத்தி நின்றது.

"அப்ப நான் அனுப்பின கஞ்சி?"

ஸுஹைல் என்னைப் பார்த்தான்.

"நான் குடிச்சேன் மாமி," என்றேன்.

"ஒன்றர வருஷமாவா?"

"ஓம்."

"சமோசா?"

"அது பஸ்லி."

மாமி சிரிக்கவில்லை. வெங்காயத்தைப் பாத்திரத்தில் தள்ளினார். "ஆக்கள் வார நேரம். மேல போங்க."

மேலே போனதும் ஸுஹைல் பை அடுக்கினான். உடுப்பு, புத்தகங்கள், மருந்து. பரீட்சையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கலேவெல பஸ்ஸில் ஏறுகிறேன் என்றான். அதற்குள் சொந்தக்காரர் வந்து முன்னறையில் நிறைந்துவிட்டார்கள். வெளியே போக அந்த ஒரு வாசல்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான்.

என்னைக் கீழே கூப்பிட்டார்கள். முதல் ஸஹனில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். ஒரு இடம் காலி. பிரியாணி நல்ல வாசம். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அந்த ஒருநாள் எனக்கும் கொஞ்சம் விளங்கியது.

"ஹஸரத் எங்க?" என்றார் மாமியின் நானா, அவருடைய அண்ணன்.

மாமி தண்ணீர்ச் செம்போடு நின்றார்.

"அவருக்குச் சொகமில்ல. மருந்து குடிக்கிறார்," என்றார். பிறகு என்னைச் சமையலறைப் பக்கம் கண்ணால் கூப்பிட்டார். ஸுஹைல் எதைத் தின்பான், எப்படித் தின்பான் என்று கேட்டார். சொன்னேன். ஐம்பது பேருக்குப் பரிமாறும் நேரத்தில், கடைசி அடுப்பில் சின்ன முட்டியை வைத்தார்.

அரை மணி நேரம் கழித்து நானும் அவருக்குப் பின்னால் மேலே போனேன். மாமி பீங்கானை மேசையில் வைத்தார். வெள்ளைச் சோறு. முறுகப் பொரித்த முட்டை. உருளைக்கிழங்கு வேறு சின்னப் பீங்கானில்.

"இது எங்க போற பேக்?"

"ஊருக்கு மாமி."

"எப்ப வார?"

ஸுஹைல் பையைக் கிட்ட இழுத்துக்கொண்டான்.

"பாருங்க, ஒன்டோட ஒன்டு படல்ல. தின்னுங்க."

"மாமி, கோவமா?"

"கோவம்தான். ஒன்றர வருஷம் என்னப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க. ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன்." குரல் இறங்கியது. "ஷஸ்னாக்குக் கேட்ட துஆ? அதும் பொய்யா?"

"இல்ல மாமி. அது ஒவ்வொரு நாளும் கேட்டேன். அந்த நேரம் வந்தா எழும்பிக் கேட்டேன். நோன்புதான் இல்ல."

மாமி பஸ்லியின் கட்டிலில், கலைந்து கிடந்த சாரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, உட்கார்ந்தார். எங்கள் அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஆறுது. தின்னுங்க."

அவன் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு எட்டிச் சாப்பிட ஆரம்பித்தான். முதலில் முட்டையின் ஓரம். பிறகு சோறு. கீழேயிருந்து ஷஸ்னா கத்தினாள்: "உம்மா, வட்டிலப்பம் எங்க?"

"பிரிஜ்ஜில, கீழ்த் தட்டுல!" என்று மாமியும் கத்தினார். எழும்பவில்லை.

பாதிச் சோறு முடிந்தபோது பை இடைஞ்சலாக இருந்திருக்க வேண்டும். அதைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டான். அவ்வளவு நாளில் அவன் எங்கள் முன்னால் உட்கார்ந்து ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பீங்கான் காலியானது.

"முட்டியில இன்னம் ஈக்கி," என்றார் மாமி. "போடவா?"

ஸுஹைல் யோசித்தான்.

"போடுங்க மாமி."